விழுந்தப்ப விரல் அசைஞ்சுதா

"கீழ விழுந்ததும் இவரு விரல் அசைஞ்சுதாம்மா?" என்று டாக்டர் சிவபாக்கியம் கேட்டபோது, புஷ்பமேரி யோசிக்கவே இல்லை.

"இல்லைங்க டாக்டர். அப்பவே கை செத்துப்போச்சு."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். சக்கர நாற்காலியில் இருந்த அவள் கணவர் பரமானந்தமும் தலையாட்டினார். விழுந்த நேரத்து நினைவு எதுவும் அவருக்கு இல்லை.

ஆனால் அந்த விரல்கள் அசைந்தன. ஆறு வருஷத்துக்கு முன், எழுபத்தொன்பதாம் வருஷம் மாசியில், தாண்டிக்குடி எஸ்டேட்டில் மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து அவர் விழுந்தார். முதலில் ஓடியவள் புஷ்பமேரி. கண்ணைத் திறந்த மனுசன் அவள் முந்தானையை இறுகப் பிடித்தார். பயத்தில் அவள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தாள். தலை முன்னால் தொங்கியது. அவர் பிடியிலிருந்து முந்தானை நழுவியது. வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில், கழுத்தில் அடிபட்டவரை அசைக்கவே கூடாது என்று நர்ஸ் யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து தான் தூக்கியதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

பெருமாள்மலையில் குடியேறி, பழக்கடையில் பிளம்ஸ் பொறுக்கி அவரைக் காப்பாற்றினாள். மூன்று வேளையும் ஊட்டினாள். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போதெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

"கை சாகலம்மா," என்றார் எழுதி முடித்த டாக்டர், மேசைமேல் இருந்த மின்சாரப் பெட்டியைக் காட்டி. "மூளையில இருந்து வர்ற சேதி கழுத்தோட நின்னுபோச்சு. அந்தச் சேதிய இந்தப் பெட்டி கரண்டா குடுக்கும். குணமாகாது, பெட்டிய நிறுத்துனா கை பழையபடிதான். ஆனா பிடிக்கலாம்."

தினமும் முன்கையில் பெட்டியின் கம்பி பூட்டிய ஈரப் பட்டைகளைக் கட்டி, கரண்ட் விட்டுச் சதையைப் பழக்கினார்கள். தாடையால் பொத்தானை அழுத்தினால் விரல்கள் மூடும், விட்டால் திறக்கும். தோளும் முழங்கையும் முன்பிருந்தே ஓரளவு அசையும் என்பதால், மூன்றாம் மாதம் அவர் கரண்டியைப் பிடித்துக் கஞ்சியை வாய்க்குக் கொண்டுபோனார். பாதி மடியில் சிந்தியது.

"மேரி, நானே சாப்ட்டேன்," என்றார்.

மூடியிருந்த அந்த விரல்களை அவளால் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு உங்க கை அசைஞ்சுச்சுங்க," என்றாள். "என் முந்தானையப் பிடிச்சீங்க. நாந்தான் தூக்கி உக்கார வச்சேன். அதுக்கப்புறந்தான் கை விழுந்துச்சு."

கரண்டி கீழே விழுந்தது. அவர் தாடை பொத்தானை விட்டிருந்தது.

இரண்டு நாள் பேச்சில்லை. பட்டை கட்ட மட்டும் கையை நீட்டுவார். அவள் ஊட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிந்தினாலும் தன் கையாலேயே தின்றார், தண்ணீரையும் கரண்டியால்தான் குடித்தார். இத்தனை வருஷம் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் ஊட்டுவதுதான். அதுவும் போனதும் வீட்டில் எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றாள்.

மூன்றாம் நாள் காலையில் அவர் சொன்னார்: "டாக்டர்ட்ட போயி உள்ளதச் சொல்லிட்டு வா. தப்பா எழுதி வச்சிருக்காங்கல்ல."

போனாள். சொன்னாள். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"தூக்குனதாலயா, உள்ள வீங்குனதாலயான்னு இனி யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றார் அவர், பழைய வரியை அடித்து எழுதியபடி.

வீட்டுக்கு வந்து அதை ஒரு வார்த்தை மாற்றாமல் ஒப்பித்தாள்.

"சொல்லவே முடியாதாமா?"

"முடியாதாமுங்க."

"தண்ணி குடு," என்றார் பரமானந்தம்.

டம்ளரைத் தூக்கும் பலம் அவர் விரல்களுக்கு இன்னும் வரவில்லை. அவள் வாயருகே பிடித்தாள். அவள் முகத்தைப் பார்க்காமலே குடித்து முடித்தார்.