கதை, வசனம், இயக்கம், கல்யாணம்: பெலிண்டா

என் அப்பா சவரிராயன் பட்டிமன்ற நடுவர். திருவெறும்பூர் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து, அங்கிருந்த இரண்டு சங்கங்களுக்கும் நல்லவராகவே ஓய்வு பெற்ற மனிதர். அந்தச் சாமர்த்தியத்தை அப்படியே மேடைக்கும் கொண்டுவந்துவிட்டார். கணவனா மனைவியா என்றால் இருவரும் தேவை என்பார். நகரமா கிராமமா என்றால் இரண்டும் தேவை. ஒருமுறை காபியா டீயா என்று தலைப்பு வைத்தார்கள். அதற்கும் அதே தீர்ப்புதான்.

வீட்டிலும் இதே கதை. இட்லியா தோசையா என்று அம்மா கேட்டால் பத்து நிமிடம் முன்னுரை வரும். முன்னுரை முடிவதற்குள் அம்மா உப்புமா கிண்டி இறக்கிவிடுவார்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஆறு மாதத்துக்கு முன்னால், பிரவீன்ராஜைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னேன். பிரவீன் எங்கள் பட்டிமன்றக் குழுவிலேயே பேசுகிறவன். பகலில் கணக்கு வாத்தியார். அம்மா அன்றைக்கே சரி என்றுவிட்டார். அப்பா மட்டும், "ஒரு பக்கம் பாத்தா நல்ல பையன்தான். இன்னொரு பக்கம் பாத்தா..." என்று ஆரம்பித்தார். அந்த இன்னொரு பக்கத்தை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரவீன் வீட்டில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் லால்குடியில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டு விழா. அதில் எங்கள் பட்டிமன்றம். தமிழ்த் திரைக்குப் பெருமை சேர்ப்பவர்கள் அன்றைய இயக்குநர் மேதைகளா, இன்றைய நடிகர்-இயக்குநர்களா என்பது தலைப்பு. அன்றைய அணிக்குப் பிரவீன், இன்றைய அணிக்குப் பெலிண்டா என்கிற நான். அணி பிரித்தது அப்பாதான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் உட்காரக்கூடாது என்பதில் மட்டும் அவருக்கு ஒரு தெளிவு இருந்தது.

பிரவீன் பழைய மேதை திருமேனிநாதனைக் கையில் எடுத்தான்.

"திருமேனிநாதன் ஒரே ஒரு மேகத்துக்காகக் கொள்ளிடக் கரையில மூணு நாள் கேமராவ வச்சுட்டு உக்காந்திருந்தாருங்க. நாலாம் நாள் மேகம் வந்துச்சு. சின்னதா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாரு! இன்னைக்கு நடிச்சு இயக்குற அதிரன் படத்துல மேகம் வருமா? வராதுங்க. வந்தா அவரு முகத்த மறைச்சிடும்!"

கூட்டம் கைதட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுந்தேன்.

"திருமேனிநாதனுக்குக் கதை எழுத ஒருத்தர், வசனத்துக்கு ஒருத்தர், பாட்டுக்கு ஒருத்தர், நடிக்க ஒருத்தர். அவரு என்னங்க செஞ்சாரு? நாற்காலில உக்காந்து கட் சொன்னாரு. எங்க அதிரன் அப்படியா? கதை அவரு, இயக்கம் அவரு, ஹீரோ அவரு, வில்லனும் அவரு. கடைசிச் சண்டைல அவரே அவர அடிச்சு, அவரே ரத்தம் கக்கி, அவரே ஆம்புலன்ஸ ஓட்டிட்டு வராரு. ஒரு ஆளு எத்தன வேலைங்க பாப்பாரு?"

எனக்கு இன்னும் பெரிய கைதட்டல். பிரவீனால் அதைத் தாங்க முடியவில்லை. பட்டிமன்றப் பேச்சாளனுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரணிக்குக் கைதட்டல் கிடைத்துவிட்டால் தலைகால் புரியாது. வீட்டுக் கதை, வெளிக் கதை எதையாவது இழுத்துப் போட்டுச் சிரிக்க வைத்தே ஆகவேண்டும். அடுத்த சுற்றில் அவன் மைக்கைப் பிடித்து இழுத்துப் போட்டது எங்கள் கதையை.

"இந்தம்மா அதிரனுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசறாங்களே! போன மாசம் முக்கொம்பு பார்க்குல உக்காந்து மூணு மணி நேரம் இதே அதிரன் புராணம்தாங்க. நான் பாவம், ஆசையா கையப் புடிக்கப் போனா, 'இருங்க, இன்னும் இடைவேளையே வரல'ங்கறாங்க!"

அரங்கமே குலுங்கியது. அதை வழக்கமான மேடைக் கிண்டல் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் பிரவீனுக்கு அப்போதுதான் தான் சொன்னது உறைத்தது. மைக்கை வாய்க்கருகே வைத்தபடியே, "ஆண்டவரே!" என்றான். அது கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. முன்வரிசையில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பு நின்றது.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் பானுமதி மாமி எழுந்து நின்றார்.

"அப்போ இது நெஜமாவே நடந்ததா? அவ நடுவரோட பொண்ணாச்சே! நடுவரே, சினிமா தீர்ப்போட இதுக்கும் ஒரு தீர்ப்பு சொல்லிடுங்கோ. ரெண்டும் தெரியாம நாங்க ஆத்துக்குப் போறதா இல்லை."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அப்பா தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தார், குடிக்காமலே மூடினார். கடைசிப் பேச்சு என்னுடையது. பிரவீன் மேல் வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே இரண்டு சாத்து சாத்தியிருப்பேன். ஆனால் நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. இதைவிட்டால் எனக்கு வேறு மேடை கிடையாது.

"நடுவர் அவர்களே, திருமேனிநாதன் மூணு நாள்தான் காத்திருந்தாரு. நான் உங்க பதிலுக்காக ஆறு மாசமா காத்திருக்கேன். நாளைக்கு நீங்க சொல்லலன்னா லால்குடிக்காரங்க சொல்லிடுவாங்க. அதனால இனிமே நான் அதிரன் வழிதான். கதை நானே, வசனம் நானே, இயக்கம் நானே, கல்யாணப் பொண்ணும் நானே. பொண்ணோட அப்பாவா நடிக்க மட்டும் ஒரு ஆள் வேணும். அந்த வேஷத்துக்கு உலகத்துலயே ஒருத்தர்தான் பொருத்தம். அவரு கால்ஷீட் தருவாரான்னுதான் தெரியல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கூட்டத்தில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தொண்டையைச் செருமினார்.

"ஒரு பக்கம் பார்த்தால்..." என்று தொடங்கினார்.

"ஐயோ!" என்று முந்நூறு பேர் ஒன்றாகச் சொன்னார்கள். அதில் அம்மா குரல்தான் உரக்கக் கேட்டது.

அப்பா நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார், பிரவீனைப் பார்த்தார்.

"அன்றைய மேதைகளே!" என்றார். "திருமேனிநாதனே! இன்றைய அணி தோற்றது!"

இத்தனை வருட மேடையில் அவர் ஒரு பக்கம் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் கூட்டம் வாயைப் பிளந்தது. தீர்ப்புக்குக் காரணம் சொல்லவேண்டும் என்பதும் அவருக்கு மறந்துபோயிற்று. பழக்கமில்லையே, பாவம்.

"ரெண்டாவது தீர்ப்பு," என்று தொடர்ந்தார். இப்போது மேடைத் தமிழ் அவரைக் கைவிட்டிருந்தது. "தம்பி பிரவீனு, உங்க வீட்ல சொல்லிடுங்க. நாளைக்குச் சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நாங்க தட்டோட வர்றோம். வேற எங்கயும் போகவேண்டாம்."

அப்புறம் எழுந்த சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. பிரவீன் மேசையைத் தாண்டி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குச் சந்தோஷம் பொங்கியது. அதற்கு இணையாக ஆத்திரமும் பொங்கியது. மைக்கை அணைத்துவிட்டு அப்பாவிடம் போனேன்.

"ரெண்டாவது சரி. மொதல் தீர்ப்பு தப்புப்பா. நான்தான் நல்லா பேசுனேன்."

"நீதான்மா நல்லா பேசுன. ரெண்டையும் உனக்கே குடுத்தா, மகளுக்குச் சாதகமா சொல்லிட்டான்னு பேசமாட்டாங்களா? ஒண்ணுதான் குடுக்க முடியும். உனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா?"

"அதை ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

அப்பா மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். "சொன்னா நீ போயிடுவல்ல" என்றார். "அதான் சொல்லாம இருந்தேன்."

அவ்வளவுதான், நான் உடைந்துபோனேன். மேடையிலேயே அப்பா தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். பட்டிமன்றத்தில் தோற்றதற்குத்தான் இந்த அழுகை என்று நினைத்துக்கொண்டு, பானுமதி மாமி அவசர அவசரமாக ஓடி வந்து எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்.