நானூற்று முப்பத்தாறு

பிரேம்நாத் வயலினை மடியில் வைத்துவிட்டு, கைப்பேசியை மறுபடியும் சத்யராஜின் கிளாரினெட்டுக்கு முன்னால் நீட்டினான். சுருதி காட்டும் முள் நடுவுக்கு வராமல் இடப்பக்கமே சாய்ந்து நின்றது.

"நானூத்தி முப்பத்தாறு. நாங்கெல்லாம் நானூத்தி நாப்பது. இன்னைக்கும் கம்மிதாண்ணா."

செவிலிமேட்டு தேவாலயத்தின் புது மண்டபத்தில் பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நாற்பத்திரண்டு வயதில் பரீட்சையில் தவறிய பையனைப் போல உட்கார்ந்திருந்தார் சத்யராஜ்.

ஈஸ்டருக்கு இன்னும் ஒன்பது நாள். இருபது வருஷமாக பேண்டு செட்டோடு கல்யாண ஊர்வலத்திலும் சாவு ஊர்வலத்திலும் நடந்தபடியே ஊதியவர் அவர். அங்கே டிரம் போடுகிற போட்டில் விநாடிக்கு நாலு அதிர்வு கூடினால் என்ன, குறைந்தால் என்ன, எமனுக்கே கேட்காது. தேவாலயத்தின் வாத்தியக் குழுவில் உட்கார்ந்து ஊத ஒரு நாற்காலி இப்போதுதான் வாய்த்திருந்தது. ஈஸ்டர் பாட்டின் நடுவே எட்டு வரி அவருக்கு மட்டும். சுருதி சேராவிட்டால் அந்த எட்டையும் கீபோர்டில் கிளாரினெட் சத்தம் வைத்து வாசித்துவிடலாம் என்று போன வாரம் பேச்சு வந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் பகலில் வேலை பார்க்கும் சாயப்பட்டறையில் ஊதினால் முள் கச்சிதமாக நடுவில் நிற்கும். பட்டு நூல் முக்குகிற கொப்பரைகளின் ஆவியில் பட்டறையே வெந்துகொண்டிருக்கும். இங்கேயோ நன்கொடையில் வந்த ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, போர்வை கேட்காத குறையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முறை வரும்வரை சும்மா இருக்கிற நேரத்தில் வாத்தியம் சில்லிட்டுச் சுருதி இறங்கிவிடுகிறது. நேற்றுத்தான் இதைக் கண்டுபிடித்தார். ஏசியை அணைக்கச் சொல்லலாம். எழுநூறு பேர் கூடுகிற நாளில் அவருக்காக யார் வேர்ப்பார்கள்?

குழுவை நடத்துகிற ஷாரோன் டீச்சரிடம், கிளாரினெட்டின் மேல்பக்கத்துக் குட்டைக் குழாயைக் கழற்றிக் காட்டினார்.

"இத நாளைக்குக் கடைசல் பட்டறையில குடுத்து ரெண்டு மில்லி அறுத்துக்கினு வந்துடறேம்மா. கொழா குறைஞ்சா சுதி ஏறும்."

"மத்த சுரம்லாம்?"

"பிசகும். சமாளிச்சுக்குறேன்."

ஷாரோன் குழாயை வாங்கி, அவளே திரும்பப் பொருத்தினாள். "அறுக்கிறதெல்லாம் வாணாம்ணா. உங்களால இறக்க முடியுமா?"

"லேசா இழுத்து வச்சா இறங்கிடும். ஏத்தத்தான் வழியில்ல."

"பிரேம், வயலினு?"

"ரெண்டும் முடியும். கீபோர்டுக்கு பட்டன் இருக்குது. ஆனா நாப்பதுதான் ஸ்டாண்டர்டு, ஷாரோன்."

"பைபிள்ல எழுதியிருக்குதாபா? ஊருக்கு ஒரு சுதி வச்சிக்கினு இருந்தாங்க. அப்புறம் நாலு பேரு கூடிப் பேசி நாப்பதுன்னு முடிவு பண்ணாங்க. இப்பவும் அதுக்கு மேல வச்சி வாசிக்கிற ஆர்க்கெஸ்ட்ரா இருக்குது. நாம பன்னெண்டு பேரு கூடியிருக்கோம், போதாதா? அவரால ஏற முடியாது. நாம இறங்குவோம்."

யாரோ சிரித்தார்கள். பிரேம்நாத் சிரிக்கவில்லை. கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். கீபோர்டுக்காரர் பட்டனை அழுத்தி எண்ணைக் குறைத்தார்.

"சத்யாண்ணா, நீங்க சுதி குடுங்க" என்றாள் ஷாரோன்.

மண்டபம் அடங்கியது. தான் ஊதுவதற்காக ஒரு கூட்டம் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. உதடு நடுங்கி முதல் ஊதல் பிளிறியது. எவரும் முகம் சுளிக்கவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். இந்தத் தடவை நின்றது.

பிரேம்நாத் தந்தியின் முறுக்காணியைத் தளர்த்தியபடி வில்லை இழுத்தான். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று உரசி அதிர்ந்தன. அதிர்வு மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. அடுத்த வயலின் வந்தது, அதற்கடுத்தது வந்தது. சத்யராஜுக்குக் கண் கலங்கியது, மூச்சும் தீர்ந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு பெண் இன்னும் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் வந்து சேரட்டும் என்று அவர் வாயை எடுக்காமல் ஊதிக்கொண்டே இருந்தார்.