பயிற்றங்கொடிக்குக் காவல் நின்ற துவக்கு

மெல்பேர்னுக்குக் கிழக்கே, டான்டினோங் மலையடியில் இருக்கிற த பேசின் என்ற ஊரில் அந்தக் காலத்து முயல்கள் இப்போதைய முயல்கள் மாதிரி இல்லை. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி உயரம். வேலியைத் தாண்டாது, கதவைத் திறந்துகொண்டு வரும்.

எழுபத்தாறாம் ஆண்டு. பக்கத்து வளவு சந்திரவதனா, யாழ்ப்பாணத்திலிருந்து சேலை மடிப்பில் ஒளித்துக் கொண்டுவந்த பயிற்றை விதையை ஊன்றிப் பந்தல் போட்டிருந்தாள். முயல்கள் அடித்தண்டைக் கடித்துக் கடித்து, இங்கே குளிர் தொடங்குகிற ஏப்ரல் மாதத்தில் ஒரேயொரு கொடிதான் மிச்சம். அதில் விதைக்கு விட்ட காய்கள் இன்னும் முற்றவில்லை. அதுவும் போனால் அடுத்த கோடையில் மெல்பேர்ன் முழுவதிலும் பயிற்றங்காய்க் கறி கிடையாது.

காவலுக்கு அவள் கணவன் யோகேஸ்வரன் ஒரு பழைய துவக்கு வாங்கினான். முதல் வெடியிலேயே உள்ளே சம்மட்டி அடித்த மாதிரி ஒரு சத்தம். டான்டினோங் மலை முக்கால் அடி பின்வாங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"அண்ணை, பஃபர் போயிட்டுது," என்றான். சுட்டதும் பின்னுக்குப் பாயும் போல்ட் என்ற இரும்புத் துண்டைத் தாங்கி, திரும்ப முன்னுக்குத் தள்ளுகிற ஸ்பிரிங்கும் ரப்பரும்தான் பஃபர். கழற்றினோம். ரப்பர் பழைய வடை மாதிரி உதிர்ந்தது. ஸ்பிரிங் சோம்பல் முறித்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

மாற்றுச் சாமான் தேடி அவன் புறப்பட, ஓய்வுபெற்ற ஆளான நானும் காரில் ஏறிவிட்டேன். நாங்கள் ஏறாத துவக்குக் கடை அண்டார்ட்டிக்காவில் மட்டும்தான் இருந்திருக்கும். "இந்தச் சாமான் வாறது நிண்டு கனகாலம்" என்பதை எல்லாரும் ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார்கள். கடைசியில் ஒரு கிழவர், செத்துப்போன துவக்கொன்றின் வயிற்றைக் கிழித்து ஸ்பிரிங்கும் ரப்பரும் எடுத்துத் தந்தார்.

யோகேஸ்வரன் அடுப்பெரிகிற குசினியில், மேசைமேல் வைத்துப் பூட்டினான். தோட்டா இல்லாமல் இழுத்துப் பார்த்தான். போல்ட் வெண்ணெயில் கத்தி போல ஓடியது. விடியற்காலை வெளியே போய்ச் சுட்டான். ஒரு வெடி. போல்ட் பாதிவழியில் நின்றுவிட்டது. முயல் திரும்பிப் பார்த்துவிட்டு ஆறஅமரச் சாப்பிட்டது.

உள்ளே கொண்டுவந்தால் திரும்பவும் நன்றாக ஓடுகிறது. வெளியே போனால் மறுபடி வேலைநிறுத்தம்.

"கிழவன் ஏமாத்திப்போட்டான்!"

"கிழவன் உன்ரை குசினிக்கு மட்டும் உத்தரவாதம் குடுத்தவரோ, தம்பி?" என்றேன்.

சந்திரவதனா வாசலுக்கு வந்து துவக்கை முகர்ந்தாள். பிறகு விரலை விட்டு ஸ்பிரிங்கைத் தடவினாள். விரலில் வெள்ளை மெழுகு.

"இஞ்சாருங்கோ, இது என்ரை தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயல்லோ?"

"ஓம். எங்கடை அப்பா தையல் மெசினுக்கு இதுதானே விடுறவர். ஒரு நாளும் இறுகேல்லை."

"உங்கடை அப்பா ஊரிலை இருந்தவர்! இஞ்சை காலமைக் குளிருக்கு என்ரை போத்திலே கட்டியாக் கிடக்கு, துவக்குக்கு மட்டும் சூடு பிடிக்குமோ?"

அவன் முகம் அந்த எண்ணெயைவிட வெளுத்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, துவக்குக்கென்று விற்கிற எண்ணெயையே விட்டான்.

மறுநாள் விடியல். முயல் கொடியின் அடியில் குந்தியிருந்தது. வெடி, வெடி, வெடி. போல்ட் சங்கீதம் மாதிரிப் போய் வந்தது. வேலிக் கட்டை சிதறியது, வாளி ஓட்டையானது, சிட்னியில்கூட ஒரு கண்ணாடி உடைந்ததாகக் கேள்வி. முயல் மட்டும் வாயைத் திறந்து தண்டை நெருங்கியது.

"இஞ்சை தாங்கோ!" சந்திரவதனா பறித்துக்கொண்டாள். ஒரே வெடி. முயல் சாய்ந்தது. கொடி ஆடவேயில்லை.

யோகேஸ்வரன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "பாத்தியளே அண்ணை, நான் பூட்டின பஃபர் என்ன மாதிரி வேலை செய்யுது!"

"ஓம் ஓம்," என்றாள் அவள், துவக்கைத் தன் தோளில் போட்டுக்கொண்டு. "காய் முத்தும் வரைக்கும் காவல் எனக்கு. நீங்கள் போய் உந்த முயலைத் துப்புரவாக்குங்கோ."