பால் வற்ற மல்லிகை

பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுத்து, ஒரு வேளைகூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குமராட்சிப் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்து ஒழுங்காகத்தான் விழுங்கினேன். எனக்குக் கறுப்பாக வெளிக்குப் போனது. அம்மா அதைப் பார்த்ததிலிருந்துதான் வினை.

என் அம்மா தைலம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. பிள்ளை பால் குடித்ததும் தண்ணியாக, மஞ்சளாகப் போவான். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைகள் அப்படித்தான் போகும். அவளோ இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டாள். மாத்திரையின் இரும்பு பாலில் இறங்கிப் பிள்ளையின் குடலை அறுக்கிறதாம். சரி தாயே, மாத்திரையை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை.

"மாத்திரய உட்டா நீ செத்துப்புடுவ. பால நிறுத்திக்கலாம். எனக்கு ரெண்டு உசுரும் வேணும்டி."

ஊருக்கு வருகிற நர்சம்மா வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று கெஞ்சினேன். கொள்ளிடத்தில் வெள்ளம். மினி பஸ்ஸே நின்றுபோயிருந்தது, நர்சம்மா எங்கே வருவது? தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அண்ணன் ராஜவேல் பால் பவுடர் வாங்கிவந்து வைத்திருந்தான்.

கொல்லையில் பூத்த மல்லிகையை அம்மா நெருக்கமாகத் தொடுத்து, என் மாரில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பால் வற்றுவதற்கு எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். பூ வாடினால் புதுப்பூ. மார் கல்லாகக் கட்டிக்கொண்டு உயிர் போனது. பிள்ளை அழும்போதெல்லாம் துணி நனைந்தது. அவிழ்த்து எறிய எனக்குத் தெம்பில்லை, தலையைத் தூக்கினாலே வீடு சுற்றியது. கட்டும்போது அவளும் அழுதாள். அழுகிறவளை எப்படித் திட்டுவது?

பவுடர் பால் குடித்த பிறகுதான் பிள்ளைக்கு நிஜமான பேதி வந்தது. வயிற்றில் தங்கிய இரும்பு வெளியேறுகிறது, நல்லதுதான் என்றாள் அம்மா. அட பாவி அம்மா! பிள்ளை துவண்டுகொண்டே போனான்.

வெள்ளம் வடிந்ததும் நர்சு ஜான்சி வந்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். பவுடர் டப்பாவைப் பார்த்தார். என் மார்க்கட்டைப் பார்த்தார்.

"அந்த மாத்திரையால பாலு கெடாதும்மா. பால் குடுத்துக்கிட்டே போடலாம்னுதான் ஆஸ்பத்திரில குடுத்தாங்க. யாரு பால நிறுத்தச் சொன்னது?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும் என்றார் ஜான்சி. அண்ணன் ஆட்டோ பிடிக்க ஓடினான். அதுவரை மாரில் போடு, விடாமல் சப்பினால் திரும்பச் சுரக்கலாம், ஆனால் நாளாகும் என்றார். கட்டை அவிழ்த்துப் பிள்ளையைப் போட்டேன். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தான். ஒரு சொட்டு இல்லை.

கதவுக்கு வெளியிலிருந்து அம்மா கேட்டாள்.

"வருதாடி?"

"வருதும்மா" என்றேன்.

பிள்ளை வாயை எடுத்துவிட்டு அழுதான். சத்தம் எழுப்பக்கூட அவனுக்குத் தெம்பில்லை. அம்மா நம்பிவிட்டாள்.