ஆம்பளைத் தோலுக்கு ரெண்டு மடங்கு

இப்போதும் போன் அடித்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வீட்டில் என் வாயால் கெட்டவன் என் தம்பி சுதேஷ்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பெண் பார்க்கப் போகவிருந்தான். வியாழனன்று, மஹய்யாவவில் நான் நடத்தும் பியூட்டி பார்லருக்கு வந்து, கண்ணாடி முன் நின்று கன்னத்தைத் தடவினான். "அக்கா, மூஞ்சி கொஞ்சம் பளிச்சின்னு ஆகுறாப்ல ஏதாச்சும் குடேன்" என்றான். முப்பது வயதை நெருங்கியவனுக்கு அவ்வளவு வெட்கம்.

பெண்களுக்கு நான் கலந்து கொடுக்கும் கிரீம் ஒன்று உண்டு. மொத்தமாக வாங்கும் வெள்ளைக் கிரீமில், முகத்தோலை உரிக்கிற மருந்து சில சொட்டு விட்டுக் குழைப்பேன். லேபிளும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அதில் ஒரு டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"பொம்பளைங்களுக்குக் கடலை அளவு போதும். ஆம்பளைத் தோல் தடிப்பு. நீ ரெண்டு மடங்கு பூசு. சனிக்கிழம சேவ் பண்ணிட்டுப் போடு."

ஆண் தோல் தடிப்பு, எண்ணெய்ப் பசை அதிகம் என்பது மூன்று மாத பியூட்டி கோர்ஸில் மிஸ் சொல்லிப் படித்தது. சவரக்கத்தி இழுத்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், உடனே காரமான எதையும் போடக்கூடாது என்றும் அதே மிஸ்தான் சொன்னார். அது என் மண்டையில் ஏறவேயில்லை. பாதிப் பாடத்தை வைத்துக்கொண்டு முழுத் தொழில் நடத்துகிறவள் நான்.

சனிக்கிழமை காலை, திகனயிலிருந்து வரும் அஸீமாவுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். நூலின் ஒரு முனை என் பல்லிடுக்கில். போன் அடித்தது. அம்பிட்டியவில் அவன் வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து சுதேஷ்.

"அக்கா, பூசிட்டேன். மூஞ்சியெல்லாம் தடிப்பா இருக்கு."

"ஆம்பளைத் தோல் தடிப்பாத்தாண்டா இருக்கும். இன்னொரு தரம் நல்லா அப்பு" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டேன்.

அஸீமா கண்ணைத் திறந்தாள். "என்னவாம் தம்பி?"

"தோல் தடிப்பா இருக்காம். கல்யாணக் கவலை."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "தடிப்பா இருக்கு எண்டா, தடிச்சு வீங்கி இருக்கு எண்டுதானே அர்த்தம்? என்ட மகனுக்கு இறால் சாப்பிட்டு அப்பிடித்தான் வந்திச்சு. மூச்சே அடைச்சிட்டு."

உடனே அவனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுத்தான். நாக்குப் பெருத்தவன் பேசுவதுபோல் "அக்..." என்று ஒரு சத்தம். பிறகு மூச்சை இழுக்கிற இரைச்சல் மட்டும் கேட்டது.

அவன் அறைக்குக் கீழ்வீட்டில் இருக்கும் அன்னலட்சுமி அக்காவைப் போனில் கூப்பிட்டேன். மேலே ஏறிப் போய்ப் போனிலேயே சொன்னார்: "கதவு பூட்டியிருக்கும்மா. தட்டுறேன், சத்தமில்ல."

"ஒடைங்கக்கா. யாரையாச்சும் கூப்பிட்டு ஒடைங்க" என்று அழுதேன்.

அஸீமாவை ஒரு புருவத்தோடு விட்டுவிட்டு த்ரீவீல் ஆட்டோவில் ஏறினேன். குளத்தடியில் வாகனங்கள் நகரவேயில்லை. அம்மா செத்த அன்றுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. இன்னொரு தரம் பூசியிருக்கக்கூடாது என்று கதிரேசனையும் பிள்ளையாரையும் மாற்றி மாற்றிக் கும்பிட்டேன். பாதி வழியில் போன் வந்தது. கதவை உடைத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகிறார்கள். வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

அவசரப் பிரிவில் கிடந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. உதடு இட்லியாய் ஊதியிருந்தது. ஊசி போட்டு, மூக்கில் காற்றுக்குழாய் வைத்திருந்தார்கள். டாக்டர் சிங்களத்தில் கேட்டதை சந்திரிகா என்ற நர்ஸ் தமிழில் கேட்டார்.

"மொகத்துல என்ன பூசுனீங்க?"

"கட... கடையில வாங்குனது" என்றான் சுதேஷ். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான், பாவி.

அப்படியே இருக்கட்டும் என்று ஒரு கணம் எனக்கும் தோன்றியது. போலீஸ், பார்லருக்குப் பூட்டு எல்லாம் கண்முன் வந்து நின்றன. அந்த ஒரு கணத்துக்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

"எந்தக் கட? டப்பாவுல பேர் இருக்கா? என்ன மருந்துன்னு தெரியாம மத்ததக் குடுக்கேலாது" என்றார் சந்திரிகா.

தம்பியின் நெஞ்சு மேலும் கீழும் துடித்தது. "நான் கலந்தது" என்றேன். எந்த மருந்து, எத்தனை சொட்டு, யார் இரண்டாம் தடவை பூசச் சொன்னது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். என் பெயரையும் பார்லர் விலாசத்தையும் கேட்டு எழுதினார்.

ஒரு மணி நேரம் கழித்து மூச்சு கொஞ்சம் சீரானது. இன்னும் எதுவும் சொல்ல முடியாது, திரும்ப அடைக்கலாம், ராத்திரி முழுக்கப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

"அக்கா" என்றான் தம்பி. "எப்பிடி இருக்கேன்?"

நாற்காலியில் உட்காரும் எல்லா முகத்துக்கும் நல்லாயிருக்கு என்று சொல்லிப் பிழைக்கிறவள் நான். அன்றைக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"பயமா இருக்குடா" என்றேன்.

கண் திறக்க முடியாமல், படுக்கை விரிப்பில் தடவித் தடவி என் கையைத் தேடினான். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். காலையில் வேறொரு வாடிக்கைக்காரிக்குக் கலந்த அதே கிரீம் இன்னும் என் நகக்கண்ணில் இருந்தது.