ஆனையூரிலிருந்து கே.கே. நகர் வரை

காசிமாயன் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசில் பாதியை விசிலடித்து வண்டியை நிறுத்துவதிலேயே கழித்த மனிதருக்கு, கடைசியில் வாய்த்த கார் விசிலடிக்காமலே நின்றது. செல்லூர் பாலத்து ஏற்றத்தில் நின்றது. கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழுந்த பிறகு நின்றது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர்கள் அவருடைய பரம்பரையையே விசாரித்தார்கள். அவரும் ஒரு காலத்தில் படிக்கட்டில் தொங்கியபடி ஊரை வைதவர்தான் என்பதால், வசவின் தரத்தை மட்டும் மனசுக்குள் மதிப்பிட்டுக்கொள்வார். பெரும்பாலும் சுமார் ரகம்.

ஆசைப்பட்டு வாங்கிய கார் இல்லை அது. மனைவி முத்துச்செல்விக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துபோய்விட்டன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனையூரிலிருந்து கே.கே. நகருக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். முடித்து எழுந்தால் அவளுக்குக் கால் தரையில் பாவாது. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டா வருவாள்? அதற்காகத்தான் தலை நரைத்த வயதில், டிரைவிங் ஸ்கூலில் காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓட்டப் பழகி, பல கை மாறிய ஒரு சின்ன காரையும் பிடித்தார்.

அது வழியில் நின்றால் சென்டரில் அவளுடைய படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். அவர் எழுந்த பிறகு மிஞ்சிய நேரத்துக்குத்தான் மெஷின். வடியாத நீரெல்லாம் காலிலும் முகத்திலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"சாமியே போக வேணாம்னுதான் நிப்பாட்டுது. உங்களுக்குத்தான் புரிய மாட்டேங்குது" என்றாள் ஒரு நாள், நின்ற காருக்குள் முந்தானையால் விசிறிக்கொண்டு. "விட்டுருங்க. போதும்."

"சாமிக்கு வேற சோலி இல்லையா? பிளக்குல அழுக்கு. அம்புட்டுதான்."

செல்லூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முகமது யாசீன் பிளக்கை மாற்றினான். பெட்ரோல் பில்டரை மாற்றினான். பம்பையும் மாற்றினான். ஒவ்வொரு தடவையும் அவனே ஓட்டி ரவுண்டானா வரை போய்வருவான். கார் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அத்தனை அடக்கமாக ஓடும்.

"எங்கிட்ட ஒழுங்காத்தானண்ணே ஓடுது."

"அப்ப எம்மேல மட்டும் அதுக்கு என்ன மாப்ள வன்மம்?"

"கிளட்ச்ச படக்குன்னு விடுறீங்களோ என்னமோ. டபுள் விசில் குடுத்த பழக்கம்."

"அது வாயில குடுத்ததுடா. கால்ல இல்ல."

சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் சாயங்காலம், வாசலில் நின்ற காரில் தனியாக உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்து மிதித்து விட்டுப் பழகினார். எதிர்வீட்டிலிருந்து பார்த்தவர்கள், மனுசன் தையல் மெஷின் ஓட்டுகிறார் என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த முறை பாலத்தில் நின்ற கார் வெகு நேரம் கிளம்பவே இல்லை. மெஷினில் படுக்க முடியாமலே திரும்பினார்கள். அன்று ராத்திரி முழுக்க அவள் படுக்கவும் முடியாமல் மூச்சுக்கு ஏங்கியபடி சுவரில் சாய்ந்திருந்தாள். விடிந்ததும் யாசீன் முன்னால் போய் நின்றார்.

"நான் ஓட்டுற லட்சணத்துலதான் மாப்ள அவ சாகப்போறா."

யாசீன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இப்பவே உங்ககூட வாரேண்ணே. வீட்லருந்து ஏறி உக்காந்துதான் பாக்கணும் இத."

முத்துச்செல்வி முன்னால், யாசீன் பின்னால், சென்டருக்குக் கிளம்பினார்கள். செல்லூர் தாண்டும் முன்பே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கார் குலுங்கி நின்றது.

"அண்ணே, எதையும் தொடாதீங்க!" யாசீன் முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினான். "மீட்டர்ல ஒரு லைட்டுகூட எரியலயே. என்ஜின் தானா நின்னா பேட்டரி லைட்டு, ஆயில் லைட்டெல்லாம் செவப்பா எரியணும். இது யாரோ சாவியத் திருப்பி ஆஃப் பண்ணுன மாதிரியில்ல இருக்கு?"

மூன்று பேரும் சாவியைப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒரு கொத்து தொங்கி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அழகர்கோவிலில் வாங்கிய பித்தளை அரிவாள். பாண்டி கோயில் மணி. திருப்பரங்குன்றத்து வேல். சென்டர் நர்ஸ் கொடுத்த மாதா டாலர். கோரிப்பாளையம் தர்காவில் மந்திரித்த தாயத்து. எல்லாம், தான் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வேண்டிய இடத்திலிருந்து கொண்டுவந்து முத்துச்செல்வியே கோத்தவை.

யாசீன் கொத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு திருப்பினான். கார் கிளம்பியது. கொத்தை விட்டு ஒரு ஆட்டு ஆட்டினான். நின்றது.

"சாவி போடுற சுவிட்ச் உள்ள தேஞ்சு கெடக்குண்ணே. இந்தக் கனம் குலுங்குனா ஆஃப் ஆயிருது, சில நேரம் திருப்புனாலும் புடிக்காது. ஆமா, ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது வெறுஞ்சாவியாத்தானே இருக்கும்?"

"உன் கிரீஸ் கை சாமி மேல படுமேன்னு கழட்டி வச்சுட்டுத்தான் மாப்ள குடுப்பேன்."

யாசீன் தலையில் அடித்துக்கொண்டான். "எங்க தாயத்து வேறயா! நல்லா ஒத்துமையாச் சேந்துதான் இழுத்திருக்காங்க."

காசிமாயன் ஸ்டீயரிங்கில் முட்டிக்கொண்டு சிரித்தார். தன்னை மாதிரி ஒரு கூமுட்டை மதுரை ஜில்லாவிலேயே கிடையாது என்ற நிம்மதியில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பக்கத்தில் அவள் சிரிக்காமல் கொத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது பிறகுதான் உறைத்தது.

"அப்ப சாமி எதுவும் சொல்லலியா?" என்றாள் முத்துச்செல்வி. "வெறும் கனந்தானா?"

யாசீன் கொத்தைக் கழற்றி அவள் மடியில் வைத்தான்; வெறுஞ்சாவியோடு சென்டருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அவள் மெஷினில் படுத்திருந்த நேரத்துக்குள் யாசீன் சுவிட்சை மாற்றிக் கொடுத்துவிட்டான். அடுத்த முறை போக வேண்டிய காலையில் காசிமாயன் வெறுஞ்சாவியைப் போட்டுத் திருப்பினார். முதல் திருப்பலிலேயே கிளம்பியது. காரை ஓடவிட்டபடியே உள்ளே போனார். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சேலை மாற்றியிருக்கவில்லை.

"கெளம்பு செல்வி. இனிமே நிக்கவே நிக்காது."

"நான் வரலைங்க."

"என்னத்தா இது? வண்டிதான் சரியாயிருச்சே."

"இம்புட்டு நாளும் சாமி சொல்லுதுன்னு சொல்லிப் பாத்தேன்" என்றாள் அவள், வீங்கிய பாதங்களைப் பார்த்தபடி. "இப்ப நானேதான் சொல்றேன். என்னால முடியல."

அவர் வெளியே வந்து காரில் உட்கார்ந்தார்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விக்கல் இல்லை, உதறல் இல்லை. ஒரே ஒரு தடவை நின்று தொலைத்தால் போதும், பானெட்டைத் திறந்து எதையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றிருந்தது.

பால் வாங்கிக்கொண்டு போன எதிர்வீட்டு ராமக்காள் நின்று பார்த்தாள். "என்னண்ணே, வண்டி சரியாயிருச்சு போல?"

"ஆமாத்தா" என்றார். "வண்டியில ஒரு கொறையும் இல்ல."