என் மாமனார் எழுதிய காதுப் பரீட்சை

என் மாமனார் கனகசபை வாழ்க்கையில் ஒரு பரீட்சையிலும் தோற்றதில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் அவரோடு இரண்டு நிமிடம் லிஃப்டில் போன யாருக்கும் இது தெரியும், அவரே சொல்லிவிடுவார். சீனியர் கேம்பிரிட்ஜ், அரசாங்க எழுத்தர் தேர்வு, பதவி உயர்வுத் தேர்வு எல்லாமே முதல் தடவையிலேயே பாஸ். நானோ எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வில் மலாய்ப் பாடத்தை இரண்டு முறையும் லோரி லைசென்ஸை மூன்று முறையும் கோட்டை விட்டவன். மேரு என்ற ஊரில் லோரி ஓட்டும் என்னைக் கட்டிக்கொள்ளப் போவதாக இந்துஜா வீட்டில் சொன்னபோது, அவர் என் சாதியைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை. "பையனுக்கு எத்தனை பாடத்துல ஏ?" என்று கேட்டார். பதினோரு வருஷமாகியும் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் இடது காது கேட்காமல் போயிற்று. படுக்கும்போது இருந்தது, எழுந்திருக்கும்போது இல்லை. மனிதர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. டிவி பழுது என்றார், போன் பழுது என்றார், கடைசியில் என் மாமியார் இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறாள் என்று மாமியார் மேலேயே பழியைப் போட்டார். இந்துஜா கண்டுபிடித்துக் கிளினிக்குக்கு இழுத்துப்போனபோது சனிக்கிழமை ஆகிவிட்டது.

கிளினிக்கிலிருந்து அன்றே அனுப்பிவைத்த மருத்துவமனையில் டாக்டர் பட்டென்று விஷயத்தைச் சொன்னார். காது நரம்பு திடீரென்று படுத்துவிட்டது. ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் திரும்பி வர வாய்ப்பு உண்டு, தள்ளிப்போடப் போட அது குறையும். ஆனால் அவருக்குச் சர்க்கரை வியாதி. அந்த மாத்திரை சர்க்கரையை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும் என்பதால், செவித்திறன் சோதனையில் உறுதியாகாமல் கொடுக்க முடியாது. சோதனை திங்கட்கிழமை என்றார்கள். அது எட்டாவது நாள்.

அவருக்குச் சோதனை என்றால் பரீட்சைதான். உடனே பழைய கேள்வித்தாள் தேடக் கிளம்பிவிட்டார். கூட வேலை பார்த்த கிருபானந்தன் போன வருஷம் இதே சோதனையைச் செய்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்திருக்கிறார். கட்டம் போட்ட தாளில் ஒரு வரிசை சிவப்பு வட்டம், ஒரு வரிசை நீலப் பெருக்கல் குறி. மாமனார் அதை முட்டை என்றும் தப்பு என்றும் படித்துக்கொண்டார்.

"பாவம் கிருபா," என்றார் திங்கட்கிழமை காரில். "ஒரு கேள்வி கூட சரியா செய்யல. எல்லாம் முட்டை, இல்லாட்டி தப்பு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

எனக்கும் அந்தத் தாளைப் பற்றி ஒன்றும் தெரியாததால் அவர் சொன்னதை நம்பிக்கொண்டு ஓட்டினேன்.

சோதனை செய்தவள் மலர்விழி. சின்னப் பெண், ஆனால் எதற்கும் அசையாதவள். குளிர்சாதனப் பெட்டி மாதிரி தடித்த கதவு உள்ள ஒரு சின்ன அறையில் அவரை உட்கார வைத்தாள். காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்தாள். "சத்தம் கேட்டா அழுத்துங்க அங்கிள். கேக்கலன்னா அழுத்தாதீங்க. அவ்ளோதான் லா." அந்த அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவள் கருவியோடு உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நான்.

மாமனார் பிரமாதமாக அழுத்தினார். இரண்டு நிமிடத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இந்த ஆளுக்கு ஒன்றுமே இல்லையோ என்று. பிறகு மலர்விழி சத்தத்தை அணைத்துவிட்டு முழங்கையை மட்டும் லேசாக அசைத்தாள். உள்ளே அவர் அழுத்தினார். மறுபடி அசைத்தாள். அழுத்தினார். மூன்றாம் முறை அவள் தலைமுடியை ஒதுக்கியதற்கும் அழுத்தினார்.

"அங்கிள் என் கையப் பார்த்துக் காப்பி அடிக்கிறாரு," என்றாள் என்னிடம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாக நான் காத்திருந்த செய்தி. ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. இந்த அறிக்கை செல்லாது. அடுத்து இடம் காலியாக இருப்பது வெள்ளிக்கிழமைதான். அது பன்னிரண்டாவது நாள். அன்றும் இப்படி விளையாடினால் சனி ஞாயிறு விடுமுறை, இரண்டு வாரம் முடிந்துவிடும்.

திரும்பும் வழியில் பெடரல் ஹைவே நெரிசலில் நின்றபோது அவருடைய நல்ல காதுப் பக்கம் சாய்ந்து கத்தினேன். "மாமா, உங்க காது போயிடும். புரியுதா? திரும்ப வராது."

"நான் ஒண்ணையும் விடல சுகுமாறன். அந்தப் பொண்ணுக்கு மார்க் போடத் தெரியல. மேல் முறையீடு செய்யப்போறேன்."

காரை அப்படியே நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடலாமா என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை நாங்கள் போனதும் நான் மலர்விழியிடம் முட்டைக் கதையைச் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதே சிவப்பு வட்டம், அதே நீலப் பெருக்கல் குறி.

"இது என்னோட காது, அங்கிள். எனக்கு நல்லாவே கேக்கும். வட்டம்னா வலது காது, பெருக்கல் குறின்னா இடது காது. எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம். மேல இருந்தா நல்லா கேக்குதுன்னு அர்த்தம், கீழ இருந்தா கேக்கல."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தாளை வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப கிருபானந்தன் ஃபெயில் இல்லையா?"

"அவருக்கு எங்க இருந்துச்சு, மேலயா கீழயா?"

"மேலதான்."

"அப்ப அவருக்கு ஒண்ணுமே இல்ல."

காது போனதைவிட இந்தச் செய்தி அவரை அதிகம் சாய்த்தது என்று சத்தியமாகச் சொல்வேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மலர்விழி கருவியைச் சரிசெய்யப் போனபோது, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"ஃபெயில் ஆயிடுவேன்னு மட்டும் காப்பி அடிக்கல சுகுமாறன். கேக்கலன்னு நான் அழுத்தாம விட்டா, காது இல்லன்னே ஆயிடும்ல? அழுத்துற வரைக்கும் இருக்குற மாதிரி இருந்துச்சு."

பதினோரு வருஷத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. நக்கலாக ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், அதை விட்டுவிட்டு அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்தேன்.

"ஃபெயில் ஆனா ஒண்ணும் ஆவாது மாமா," என்றேன். "நான் அஞ்சு தடவ ஆயிருக்கேன். சோறு இறங்குது, தூக்கம் வருது."

"நீங்களும் உள்ள வாங்க," என்றார்.

அசையக் கூடாது, பேசக் கூடாது என்ற கண்டிப்போடு மலர்விழி விட்டாள். அவரைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார வைத்தாள். அவருடைய இடது பக்கத்தில் ஒரு முக்காலியில் நான். கதவு மூடியது. என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

வலது காதுக்கு ஒழுங்காக அழுத்தினார். பிறகு இடது காது. வலது காது ஒட்டுக்கேட்காமல் இருக்க அதில் ஓர் இரைச்சலைப் போட்டுவிடுவார்கள் என்று மலர்விழி முன்பே சொல்லியிருந்தாள். அவர் பெருவிரல் பொத்தான்மேல் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எனக்குக் கேட்டது. அவர் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து வந்த 'பீப்'. கொஞ்சம் விட்டு, இன்னும் பலமாக, இப்படி நாலு தடவை. பக்கத்தில் இருந்த என் காதிலேயே விழுந்தது, அவர் காதுக்குள்ளேயே அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. விரல் அசையவில்லை.

என் கை அவர் கையை நோக்கிப் போய்விட்டது. காப்பி அடிக்காதே என்று நாலு நாளாகக் கத்தியவன் நான். அந்தப் பெருவிரலைப் பிடித்து நானே அழுத்திவிடலாம் போல இருந்தது. கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டார். என் முகத்தையும் பார்த்தார்.

"வந்துச்சா?" என்று கேட்டார், தேவைக்கு மேல் சத்தமாக.

பொய் சொல்லியிருக்கலாம். ஆமென்று தலையாட்டினேன். எத்தனை என்று புருவத்தை உயர்த்தினார். நாலு விரலைக் காட்டினேன்.

அவர் அந்த விரல்களைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு பொத்தானை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடிப் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"மிஸ்! எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்கலம்மா," என்றார். அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. "டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரையை இன்னிக்கே குடுக்கச் சொல்லுங்க."